நேராகப் பறந்தால் போதும்

பழைய போர் விமானங்களை இன்னும் பறக்கவிடலாமா, கூடாதா? ரொம்ப நாளாக இந்தக் கேள்வி எனக்குள் தீராமல் கிடக்கிறது. கிளப்பிவிட்டவர் விமானக் கண்காட்சிகளுக்கு என்னோடு வழக்கமாக வரும் நண்பர். ஒருமுறை ஜெட் விமானங்களின் சாகசம் முடிந்து சத்தம் அடங்கிய நேரத்தில், ஓடுபாதையின் கோடியில் ஒரு மஞ்சள் நிற ஹார்வர்டு பயிற்சி விமானம் எஞ்சினைக் கிளப்பியது. கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுப்புக் கயிறு வரைக்கும் போய் நின்றுகொண்டேன். நண்பர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "இவ்வளவு வயசான மெஷினை மியூசியத்தில் பத்திரமா வைக்காம எதுக்கு மேலே ஏத்தறாங்க? விழுந்தா விமானமும் போச்சு, ஆளும் போச்சு."

பறக்காத விமானம் வெறும் தகரம் என்று ஏதோ சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அவர் கேட்டது உயிரைப் பற்றி. நான் சொன்னது என் ஆசையைப் பற்றி. அப்புறம் எந்த விழாவுக்குப் போனாலும், பழைய விமானம் ஒன்று சக்கரத்தைத் தரையிலிருந்து எடுக்கும் நொடியில் மகிழ்ச்சியோடு சேர்ந்து இந்தக் கேள்வியும் எழுந்துவிடும். அதற்கு நான் கண்டடைந்த பதிலை, அது எப்படி வந்தது என்பதோடு சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் ஆசையின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன விஷயம் இல்லை.

சத்தம்

மியூசியத்தில் நிற்கும் விமானத்தை எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அதன் சத்தம் கிடைக்காது. ஹார்வர்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது சிலிண்டர், ஏறக்குறைய 600 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல நாட்டு விமானிகள் பயிற்சி பெற்ற விமானம். இன்றைய கணக்கில் எளிய எஞ்சின்தான். ஆனால் அது மேலேறும்போது வரும் காதைக் கிழிக்கும் இரைச்சலை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். நடுவில் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைக்காமல், எஞ்சின் சுழலும் அதே வேகத்தில் புரொப்பெல்லரும் சுழல்கிறது. முழு விசையில் புரொப்பெல்லர் இறக்கைகளின் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகின்றன. நாம் எஞ்சின் சத்தம் என்று நினைப்பதில் பெரும்பங்கு அந்த நுனிகள் காற்றைக் கிழிக்கும் சத்தம். இதை எந்தப் பலகையில் எழுதி வைத்தாலும் புரியாது. தலைக்கு மேலே போகும்போது உடம்புக்கே புரிந்துவிடும்.

அதே போரில் பிரிட்டன் பறக்கவிட்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானத்திலும் லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் இருக்கும் மெர்லின் எஞ்சின் வேறு ஜாதி. பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர். அதன் சத்தத்தில் ஒரு சீரான உறுமலும், அதற்கு மேல் மெல்லிய சீழ்க்கை போன்ற ஒன்றும் சேர்ந்து வரும். லாங்காஸ்டரில் நான்கு மெர்லின்கள் ஒன்றாக ஓடும்போது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் வானம் முழுக்க நிரம்பிவிடுகிறது.

ஜெட்டைப் பார்ப்பது முற்றிலும் வேறு பழக்கம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி வரும் ஜெட்டின் சத்தம் நம்மை எட்ட ஆறு நொடி ஆகும். அதற்குள் அது எங்கேயோ போயிருக்கும். புதிதாக வருபவர்கள் சத்தம் வந்த திசையில் தேடிக்கொண்டே இருப்பார்கள். பழகியவர்கள் சத்தத்துக்கு வெகுதூரம் முன்னால் தேடுவார்கள். காற்றில் ஈரம் இருக்கும் நாளில், விமானி விமானத்தின் மூக்கை வேகமாக மேலே தூக்கும்போது இறக்கைகளின் மேல் வெண்மேகம் பொத்தென்று பூத்து மறையும். கூடுதல் விசைக்காக எஞ்சினின் பின்பக்கம் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னர் பற்றும்போது நெஞ்சுக்கூடு அதிரும். எனக்கு அதுவும் பிடிக்கும். புதியதை மட்டம் தட்டிப் பழையதைத் தூக்கிப் பிடிப்பவன் இல்லை நான். ஆனால் புதியது நாளைக்கும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். பழையது ஒவ்வொன்றும் கடைசிக் காட்சியாக இருக்கக்கூடும்.

இது மிகையாகத் தோன்றினால் மொஸ்கிட்டோவின் கதையைப் பாருங்கள். இரண்டு மெர்லின் எஞ்சினோடு, பெரும்பாலும் மரத்தால் செய்த போர் விமானம். ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். மரமும் பசையும் காலத்தைத் தாங்கவில்லை. 1996 ஜூலையில் இங்கிலாந்தின் பார்ட்டனில் நடந்த விழாவில், பறந்துகொண்டிருந்த மொஸ்கிட்டோ ஒன்று விழுந்து அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். அதன்பின் 2012-இல் நியூசிலாந்தில் ஒன்றைப் புதுப்பித்துப் பறக்கவிடும்வரை, உலகத்தில் எங்கேயும் ஒரு மொஸ்கிட்டோகூடப் பறக்கவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மொஸ்கிட்டோ என்றால் ஒரு புகைப்படம் மட்டும்தான்.

ஆனால் கவனியுங்கள், இதே கதை நண்பரின் பக்கத்துக்கும் சாட்சி. பறக்கவிட்டதால்தான் அது போனது. கூடவே இரண்டு பேர் போனார்கள்.

2,700 அடி

நண்பர் சும்மா விடுகிறவர் இல்லை. விபத்து நடக்கும்போதெல்லாம் செய்தியை எனக்கு அனுப்பிவைப்பார். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், பயணிகளை ஏற்றிச் சென்ற பி-17 குண்டுவீச்சு விமானம் தரையிறங்கும்போது நொறுங்கி ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டாலஸ் விமான விழாவில் ஒரு பி-17 மீது சிறிய பி-63 போர் விமானம் மோதி, இரண்டிலும் இருந்த ஆறு பேர் இறந்தார்கள். 2024 மே மாதம், இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் இருந்து கிளம்பிய ஸ்பிட்ஃபயர் ஒன்று விழுந்து அதன் விமானி இறந்தார். அந்த விமானம் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு 1957-இல் தொடங்கியது. பழைய விமானங்களைக் காப்பதில் அவ்வளவு அனுபவமும் ஒழுங்கும் உள்ள இடத்திலேயே இப்படி நடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அவர் எதுவும் எழுதவில்லை, இணைப்பை மட்டும் அனுப்பினார். நானும் பதில் எழுதவில்லை.

இருந்தாலும் என்னைத் திருப்பிப்போட்டது வேறொரு விபத்து. 2015 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் தென்கரையில் ஷோரம் விமான விழா. 1950களில் கட்டப்பட்ட ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்று லூப் (செங்குத்தான வட்டம்) அடிக்க மேலேறி, வட்டத்தை முடிக்க உயரம் போதாமல், விமானதளத்துக்குப் பக்கத்தில் போகும் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. பதினோரு பேர் இறந்தார்கள். விமானி பிழைத்துக்கொண்டார். இறந்தவர்களில் ஒருவர்கூட விழா நடந்த இடத்துக்குள் இருந்தவர் இல்லை. சிலர் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மற்றவர்கள் அந்த வழியாகப் போனவர்கள். கால்பந்து ஆடப் போய்க்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள். கல்யாணப் பெண்ணை அழைத்துவரக் கார் ஓட்டிப் போன ஒருவர். கயிற்றுக்கு உள்ளே நிற்கிற நானாவது, மேலே நடப்பது ஆபத்தானது என்று தெரிந்தே நிற்கிறேன். காரில் போனவர்கள் எதற்கும் சம்மதிக்கவில்லை.

இந்த விபத்தை ரொம்ப நாள் நான் தொடாமலே இருந்தேன். என் பக்கத்து வாதத்தை அது அடியோடு சாய்த்துவிடும் என்ற பயம்தான் காரணம். 2017-இல் வெளியான விசாரணை அறிக்கையை வெகுகாலம் கழித்து ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நீளமான, உணர்ச்சியே காட்டாத அறிக்கை. அதில் இரண்டு எண்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. அந்த லூப்பின் உச்சியில் விமானம் எட்டியிருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 3,500 அடி. எட்டியது 2,700 அடி. சுற்றைத் தொடங்கும்போதே வேகம் குறைவு. மேலேறும்போது எஞ்சின் தந்த விசையும் குறைவு. உச்சியில் உயரம் போதவில்லை என்று தெரிந்ததும் சுற்றைக் கைவிட்டு விலகிப் பறந்திருக்க முடியும். அது நடக்கவில்லை. பராமரிப்பில் இருந்த குறைகளையும் அறிக்கை எழுதுகிறது. ஆனால் விபத்துக்கு முதல் காரணமாக அது வைப்பது உயரம், வேகம், விலகாமல் விட்டது, இவைதான்.

அந்த 800 அடி வித்தியாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம்புது விமானமாக இருந்தாலும், அந்த உயரத்தில், அந்த வேகத்தில் தலைகீழாக இருந்தால் தரை அதே இடத்தில்தான் இருந்திருக்கும்.

அதன்பின் தெரிந்த விபத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 1952 செப்டம்பர், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ: டிஎச் 110 விமானம் கூட்டத்துக்கு மேலேயே உடைந்து சிதறி, பார்க்க வந்தவர்களில் 29 பேரும் விமானத்திலிருந்த இருவரும் இறந்தார்கள். அது பழையது இல்லை. படையில் சேராத, அப்போதுதான் சோதனையில் இருந்த விமானம். 1988 ஆகஸ்ட், ஜெர்மனியின் ராம்ஸ்டைன்: இத்தாலியச் சாகசக் குழுவின் மூன்று ஜெட்டுகள் கூட்டத்தின் முன்னால் இதய வடிவம் வரையும்போது மோதிக்கொண்டன. ஒன்று எரிந்தபடி கூட்டத்துக்குள் வந்து விழுந்தது. 70 பேர். அந்த ஜெட்டுகளும் பழையவை இல்லை. 2002 ஜூலை, உக்ரைனின் லிவீவ் நகரை ஒட்டிய ஸ்க்னிலிவ்: படையில் சேவையில் இருந்த சு-27 போர் ஜெட், தாழப் பறந்து சாகசம் செய்து கூட்டத்தில் பாய்ந்தது. 77 பேர். விமான விழாக்களின் வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய சாவு. 2025 நவம்பர், துபாய்: சாகசத்தின் நடுவில் தேஜஸ் விழுந்து விமானி இறந்தார். தேஜஸ் இன்னும் உற்பத்தியில் இருக்கும் விமானம்.

நானும் நண்பரும் இத்தனை நாள் வயதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். கோடு போட வேண்டிய இடம் வயது இல்லை. தரைக்குப் பக்கத்தில் விமானத்தை என்ன செய்யவைக்கிறோம், அதன் பாதைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், இந்த இரண்டும்தான். ஃபார்ன்பரோ விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் போட்ட விதிகளிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து ஏறக்குறைய 230 மீட்டர் தள்ளிப் போகலாம், சாகசம் செய்வது 450 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். ஷோரமுக்குப் பிறகும் அதே வழிதான். பழைய ஜெட்டுகள் தரைப்பகுதிக்கு மேல் கடும் சாகசம் செய்யக் கூடாது, கடந்து பறந்தால் போதும் என்று கட்டுப்பாடு வந்தது. அறிவித்த காலத்தில் எங்களைப் போன்ற ஆர்வலர்கள் பலரும், இனி பழைய ஜெட்டுகளின் கதை முடிந்தது என்று புலம்பினார்கள். எனக்கும் வருத்தம் இருந்தது. இன்று நிதானமாக யோசிக்கையில் அந்தக் கட்டுப்பாட்டின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஓடுகிற எஞ்சின்

நண்பர் இதையும் ஒரேயடியாக ஏற்கவில்லை. "கனெக்டிகட் பி-17 சாகசமா செஞ்சது? எஞ்சின் கோளாறுதானே?" என்றார். நியாயமான கேள்வி. அங்கே நான்கில் ஒரு எஞ்சின் விசை இழந்தது. அதன்பின் வேகத்தைக் கையாண்ட விதம் தவறு என்றும், பராமரிப்பு போதவில்லை என்றும் விசாரணை சொன்னது. டாலஸ் விபத்தில் எந்த விமானத்துக்கும் கோளாறு இல்லை. வெவ்வேறு வேகத்தில் வரும் விமானங்களுக்கு உயரத்தைப் பிரித்துக் கொடுக்காமல், ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். ஆக, நேராகப் பறப்பது ஒன்றே காப்பாற்றிவிடாது. பறக்கவைக்கும் ஆட்கள் சரியாக இருக்க வேண்டும்.

இந்த ஆட்களைப் பற்றி எனக்குச் சொன்னவர், விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஒரு விழாவில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய ரேடியல் எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேர் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிவிடுவதைக் காட்டி, எதற்கு என்று தெரியுமா என்று கேட்டார். நின்ற எஞ்சினில் ஆயில் வழிந்து கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். பார்க்காமல் ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் அந்த ஆயிலில் முட்டி, கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கையால் சுற்றும்போது எங்கேயாவது இறுகினால் உடனே நிறுத்திவிடுவார்கள். முதல் புகை மொத்தமாக வெளியே தள்ளுகிறதே, அது உள்ளே மிஞ்சிய ஆயில் எரிவது.

"மியூசியத்தில் வைத்தால் பத்திரமாக இருக்கும் இல்லையா, ஐயா?" என்று நண்பரின் கேள்வியை அவரிடம் போட்டேன்.

"ஓடுற எஞ்சினுக்கு வர்ற கோளாறு காதுக்குத் தெரியும் தம்பி. நிக்கிற எஞ்சினுக்கு வர்றது திறந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார். சீல்கள் காய்ந்துபோகும், உள்ளே ஈரம் இறங்கித் துரு ஏறும். அதையெல்லாம்கூட மறுபடி செய்துவிடலாம் என்றார். "எவ்வளவு முறுக்கணும், எந்தச் சத்தம் சரி, எது சரியில்லைன்னு தெரிஞ்ச ஆளு போயிட்டா, அதைச் செய்ய முடியாது."

வல்கன் விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். பிரிட்டனின் பனிப்போர்க் காலத்துப் பெரிய முக்கோண இறக்கைக் குண்டுவீச்சு விமானம். எக்ஸ்எச் 558 என்ற ஒன்றை மட்டும் பொதுமக்கள் நன்கொடையில் புதுப்பித்து 2007-இல் மறுபடி பறக்கவிட்டார்கள். 2015 அக்டோபரில் அதன் கடைசிப் பறப்பு. அது நன்றாகவே பறந்துகொண்டிருந்தது, பார்க்கக் கூட்டமும் குறையவில்லை. அதற்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த மூன்று நிறுவனங்கள், இந்த விமானத்தை அறிந்த திறமைகள் எங்களிடம் குறைந்துகொண்டே போகின்றன, இனி பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டன. பலர் அந்த நிறுவனங்களைத் திட்டினார்கள். எனக்கு அதைவிட நேர்மையான முடிவு கிடையாது என்று தோன்றுகிறது. அறிந்த ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டு, விபத்து எதுவும் இல்லாமல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தரையில் நிறுத்தினார்கள். நண்பர் கேட்ட மியூசியம் அந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும் என்பது என் கருத்து. கை இருக்கும்வரை பறக்கட்டும். கை போனால் நிறுத்திவிடலாம்.

மெதுவானது முன்னால்

சாகசம் வேண்டாம் என்றால் என்ன மிஞ்சும்? சும்மா இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவதா? இப்படிக் கேட்பவர்கள் அணிவகுப்புப் பறப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். எனக்கு இப்போது லூப்பைவிட அதுதான் பெரிது.

2018 ஜூலை 10 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் நூற்றாண்டுக்காக லண்டன் மேல் 100 விமானங்கள் பறந்தன. முன்னால் ஹெலிகாப்டர்கள், பிறகு பழைய புரொப்பெல்லர் விமானங்கள், போக்குவரத்து விமானங்கள், பின்னால் போர் ஜெட்டுகள். 22 டைஃபூன் ஜெட்டுகள் சேர்ந்து 100 என்ற எண்ணை வானத்தில் எழுதின. கடைசியாகச் சிவப்பு அம்புகள் (ரெட் ஆரோஸ்) என்ற சாகசக் குழு. இந்த வரிசைக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. வேகமானது மெதுவானதற்கு முன்னால் போனால் இடைவெளி விரிந்துகொண்டே போகும். அதனால் மெதுவானதை முன்னால் விட்டு, வேகமானதைப் பின்னாலிருந்து நெருங்கி வரவைக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் எந்த இடத்தில் காத்திருந்து, எந்த நொடியில் கிளம்பி, எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே போட்ட கணக்கு. டாலஸில் இல்லாமல் போன கணக்கு இதுதான். நாம் சில நிமிடம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகிற காட்சிக்கு அடியில் அவ்வளவு உழைப்பு கிடக்கிறது.

பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். அமெரிக்க விமானப்படை 1997-இலிருந்து பி-51 மஸ்டாங் போன்ற பழைய விமானங்களையும் அன்றன்றைய ஜெட்டுகளையும் சேர்த்துப் பறக்கவிடுகிறது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி, வேகத்தைப் பிடித்து வைத்து, தன் வேகத்தின் கீழ் எல்லையை ஒட்டி வருகிறது எஃப்-22 ஜெட். பக்கத்தில் மஸ்டாங் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தாவோடு நடக்கும் பேரன் தன் எட்டைச் சுருக்கிக்கொள்வது மாதிரி. புதியதுதான் அங்கே சிரமப்படுகிறது. எந்தச் சாகசத்திலும் ஜெட் விமானியின் கட்டுப்பாடு எனக்கு இந்த அளவு வெளிப்படையாகத் தெரிந்ததில்லை.

இந்திய விமானப்படையின் பழைய போக்குவரத்து விமானமான டகோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்து சேர்ந்த விமானம். பரசுராமா என்று பெயர், விபி 905 என்று எண். அது 2022 குடியரசு தின அணிவகுப்பில் இரண்டு டோர்னியர் விமானங்களை இருபுறமும் வைத்துக்கொண்டு பறந்தது. 1971 டிசம்பரில் இன்றைய வங்கதேசத்தின் டாங்காயிலில் பாராசூட் வீரர்களை இறக்கியதன் நினைவாக அந்த அணிக்கு டாங்காயில் என்றே பெயர். அந்தப் போருக்கு முன்பே, 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படையை இறக்கியதும் டகோட்டாக்கள்தான். அந்த வேலைகளில் எதற்கும் அது குட்டிக்கரணம் அடிக்கவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஆடாமல் பறந்து போய்ச் சேர்ந்தது. இன்று அது நம் தலைக்கு மேல் நேராகப் போகும்போது, தன் வேலையை அப்படியே செய்து காட்டுகிறது.

லாங்காஸ்டரும் அப்படித்தான். 7,000-க்கு மேல் கட்டியதில் இன்று பறப்பவை இரண்டே. ஒன்று கோனிங்ஸ்பியில், இன்னொன்று கனடாவின் ஹாமில்டனில். 2014-இல் கனடா விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் மற்றதோடு சேர்ந்து பறந்தது. அந்தப் பதிவை இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன். இரண்டும் கொஞ்ச தூரம் விட்டு, மெல்லச் சாய்ந்து திரும்புகின்றன. வேறு எதுவும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்கள் போட்ட குண்டுகளுக்குக் கீழே இறந்த நகரத்து மக்கள் தனி. இவ்வளவையும் சுமக்கும் ஒரு விமானத்தைக் கைதட்டலுக்காகப் புரட்டிக் காட்டுவது எனக்கு ஒவ்வாத காரியம். நேராகப் போனால், பார்ப்பவருக்கு நினைக்க நேரம் கிடைக்கிறது.

போர் விமானங்கள் விஷயம்தான் கொஞ்சம் இழுக்கிறது. ஹன்டரும் மிக்-21-உம் திரும்பி, புரண்டு, செங்குத்தாக ஏறுவதற்கென்றே பிறந்தவை. அவற்றை நேர்கோட்டில் மட்டும் விட்டால் அவற்றின் இயல்பு தெரியாமல் போகும் என்பது உண்மை. 1963-இல் இந்தியப் படையில் சேர்ந்த மிக்-21 ஓய்வு பெற்றது 2025 செப்டம்பர் 26 அன்று, சண்டிகரில். விடைபெறும் பறப்பின் காட்சிகளைப் பார்த்தபோது, ஒருமுறை செங்குத்தாக ஏறினால் என்ன என்று என் மனசும் கேட்டது. அதற்கும் நடுவழி இருக்கிறது. கூட்டத்துக்கு இணையாக வளைந்து வந்து, முதுகும் வயிறும் தெரியும்படி ஒரு சாய்வு. தரையிலிருந்து தாராளமான உயரம். லூப்பே வேண்டுமென்றால் கடலுக்கு மேலே, கீழே படகுகூட இல்லாத பரப்பில். இதில் புதிய விமானத்துக்கும் நான் சலுகை தரமாட்டேன். ஸ்க்னிலிவில் விழுந்தது புதியதா பழையதா என்பது அந்தக் குடும்பங்களுக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. பழைய போர் விமானத்தில் காசு வாங்கிப் பயணிகளை ஏற்றுவதை நான் எதிர்க்கிறேன். கனெக்டிகட் பி-17-இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் பயணிகள். 2018 ஆகஸ்டில் சுவிஸ் ஆல்ப்ஸில் ஒரு யுங்கர்ஸ் ஜூ-52 விழுந்து அதிலிருந்த 20 பேரும் இறந்தார்கள். 1939-இல் கட்டி, பல காலம் சுவிஸ் படையில் இருந்த விமானம் அது. விமானி தன் ஆபத்தை அறிந்து ஏறுகிறார். மெக்கானிக் அறிவார். டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்காருபவருக்கு, இன்றைய பயணிகள் விமானத்துக்கும் இதற்கும் பாதுகாப்பில் எவ்வளவு தூரம் என்று தெரிய வழியே இல்லை.

"அப்போ உன்னை டகோட்டாவில் ஏறச் சொன்னா ஏறமாட்டியா?" என்று கேட்டார் நண்பர். நான் ஏறுவேன். யோசிக்காமல் ஏறுவேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரியும். என் மகளை ஏற்றமாட்டேன். அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும், அதுவும் பறப்புப் பாதைக்கு நேர் கீழே இல்லாத ஓரத்தில். நண்பர் இதைக் கேட்டு, இவ்வளவு நிபந்தனை போடுவதற்கு மியூசியமே மேல் என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரல் வந்ததும், யார் எந்தப் பக்கம் சாகசம் செய்கிறார்கள், வெளியே சாலை எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு பேரும் வரைபடத்தை விரித்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.